வெயில் சுட்ட தோலுக்குக் காஃபீன் துணையாகுமா?

காப்பியின் மணம் எழுந்த பின்னரே பொழுது விடிந்ததாகக் கருதும் இல்லங்கள் நம் நாட்டில் ஏராளம். காப்பிக்கும் தேநீருக்கும் சுறுசுறுப்பூட்டும் ஆற்றலைத் தருவது காஃபீன் என்னும் வேதிப்பொருள். 1819ஆம் ஆண்டில் ஃபிரீட்லீப் ஃபெர்டினாண்ட் ரூங்கே என்ற ஜெர்மானிய வேதியியலறிஞர் காப்பிக் கொட்டையிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தார். அக்கொட்டைகளை அவர் கையில் கொடுத்து, ஆராய்ந்து பாருங்கள் என்று தூண்டியவர் கவிஞர் கோத்தே என்பது சுவையான வரலாறு. நெடுங்காலம் குவளைக்குள்ளேயே இருந்த இப்பொருள், இப்போது அழகுசாதனக் கடைகளின் அடுக்குகளிலும் இடம்பிடித்துவிட்டது. முகப்பூச்சு, கண்ணோரக் களிம்பு, சன்ஸ்கிரீன் எனப் பலவற்றின் உறைகளில் இன்று காஃபீனின் பெயரைக் காண்கிறோம்.

வெயிலால் பழுதுற்ற தோலைக் காஃபீன் சீராக்கும் என்று சொல்லப்படுவதில் உண்மை எவ்வளவு? வேனிற்காலத்தில் இத்தகைய பொருள்களுக்காகக் குடும்ப வரவுசெலவில் கணிசமான தொகையை ஒதுக்குவோர் எழுப்பவேண்டிய கேள்வி இது. இக்கூற்றின் பின்னே மெய்யான அறிவியல் இருக்கிறது. ஆயினும் அந்த அறிவியல் சொல்வதும், குப்பியின் மேல் அச்சிடப்பட்டிருப்பதும் ஒன்றல்ல. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவை அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெயில் தோலில் எழுதும் கணக்கு

கதிரவன் ஒளியில் நம் கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிர்கள் அடங்கியுள்ளன. அவற்றுள் நிலப்பரப்பை வந்தடைபவை ‘ஏ’ வகை, ‘பி’ வகை என இரண்டு. வந்தடையும் புற ஊதாக் கதிர்களில் ஏறக்குறைய 95 விழுக்காடு ‘ஏ’ வகையைச் சேர்ந்தது. அது தோலின் ஆழத்துக்கு ஊடுருவி, தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் இழைகளைச் சிதைக்கிறது. சுருக்கமும் தளர்ச்சியும் தோன்ற வழிசெய்கிறது. ‘பி’ வகை பெரும்பாலும் மேல்தோலிலேயே நின்றுவிடும். எனினும், தோல் சிவந்து எரிவதற்கும், உயிரணுக்களில் உள்ள டி.என்.ஏ. நேரடியாகப் பழுதுறுவதற்கும் அதுவே முதன்மைக் காரணம்.

இப்பழுது ஒரே நாளில் வெளித்தெரிவதில்லை. சிறுகச் சிறுகச் சேர்கிறது. 2012ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வெளியான ஒரு படம் இதற்குச் சான்று. அமெரிக்காவில் 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயது மனிதர் ஒருவரின் முகம் அது. அந்நாட்டில் ஓட்டுநர் இருக்கை வண்டியின் இடப்புறம் அமைந்திருப்பதால், அவருடைய முகத்தின் இடப்பக்கமே சன்னல் வெயிலை நாள்தோறும் ஏற்றது. வலப்பக்கத்தைவிட இடப்பக்கத் தோல் மிகவும் தடித்து, ஆழ்ந்த சுருக்கங்களுடன் காணப்பட்டது. சன்னல் கண்ணாடி ‘பி’ வகைக் கதிர்களில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். ‘ஏ’ வகைக் கதிர்களை உள்ளே விட்டுவிடும். நம் நாட்டுச் சாலைகளில் நாளெல்லாம் வாகனம் ஓட்டுவோர் தம் வலக்கையையும் முகத்தின் வலப்பக்கத்தையும் ஒருமுறை உற்று நோக்கலாம்.

இந்தியர்களின் தோலில் மிகுந்துள்ள மெலனின் என்னும் நிறமி இயற்கை அளித்த கவசம். இதன் பயனாக வெண்ணிறத் தோலினரிடம் பெருவாரியாகக் காணப்படும் தோல் புற்றுநோய் நம்மிடையே குறைவு. ஆனால், அக்கவசம் முழுமையானதன்று. மங்கு எனப்படும் கருந்திட்டுகள், சீரற்ற நிறம், முதிர்வுக்கு முன்பே தோன்றும் சுருக்கம் ஆகியவை நமக்கும் வெயில் விட்டுச்செல்லும் தடங்களே.

பழுதுற்ற உயிரணுவின் முன் இரு வழிகள்

‘பி’ வகைக் கதிர் பட்டவுடன், டி.என்.ஏ. என்னும் இழையில் அடுத்தடுத்து அமைந்த இரு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இவ்வொட்டு நீக்கப்படாவிட்டால், உயிரணு பிரியும்போது மரபுச் செய்தி பிழையாகப் படியெடுக்கப்படும். இதைத் தவிர்க்க உடலில் ஓர் ஏற்பாடு உண்டு. பழுதைக் கண்டறியும் புரதங்கள், ‘சீராகும் வரை பிரியாதே’ என்று உயிரணுவுக்கு ஆணையிடுகின்றன. அவற்றுள் முதன்மையானது ஏ.டி.ஆர். எனப்படும் புரதம். சீராக்க முடிந்தால் உயிரணு தன் பணியைத் தொடரும். பழுது மிகுதியாக இருப்பின், தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். உயிரணுத் தன்மடிவு என்று அறிவியலார் இதனைக் குறிப்பிடுவர். வெயிலில் எரிந்த தோல் சில நாள்களில் உரிந்து விழுவதன் பின்னணியில் இத்தன்மடிவும் உள்ளது.

இவ்விடத்தில்தான் காஃபீன் குறுக்கிடுகிறது. ஆய்வகச் சோதனைகளில் அது ஏ.டி.ஆர். புரதத்தின் செயலை ஒடுக்குகிறது. நிறுத்தாணை கிட்டாத பழுதுற்ற உயிரணு, சீராகும் முன்னரே பிரிய முற்பட்டு மடிந்துபோகிறது. ஆகவே, காஃபீன் தோலைச் சீராக்குகிறது என்று கூறுவது பொருத்தமன்று. சீராக்க இயலாத உயிரணுக்கள் உயிரோடு எஞ்சிப் பின்னாளில் புற்றாக மாறாதபடி அவற்றை வெளியேற்ற உதவுகிறது என்பதே சரியான விளக்கம். விளம்பரங்கள் இவ்வேறுபாட்டைச் சொல்வதில்லை. சுருக்கத்தை மறைப்பது ஒன்று. புற்றாகக்கூடிய உயிரணுவை அகற்றுவது மற்றொன்று. காஃபீன் ஆராய்ச்சியின் வலுவான பகுதி பின்னதைப் பற்றியதே.

எலிகளிடம் கண்டவை

இத்துறையில் முன்னோடியாக விளங்கியவர் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உள்ள ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் கானி. புற ஊதாக் கதிர் பாய்ச்சப்பட்ட எலிகளுக்குத் தேநீர் கொடுத்தபோது தோல் கட்டிகள் குறைவதை அவருடைய குழு கண்டது. காஃபீன் நீக்கிய தேநீரில் அப்பயன் வெகுவாகக் குறைந்தது. காஃபீனை மீண்டும் சேர்த்ததும் பயன் திரும்பியது. தேநீரின் காப்பாற்றலில் காஃபீனுக்குப் பெரும்பங்கு உண்டு என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

2002இல் அக்குழு வெளியிட்ட ஆய்வு மேலும் குறிப்பிடத்தக்கது. மயிரற்ற எலிகளுக்கு வாரம் இருமுறையாக 20 வாரங்கள் ‘பி’ வகைக் கதிர் பாய்ச்சப்பட்டது. பிறகு கதிரை நிறுத்திவிட்டு, 18 வாரங்கள் அவற்றின் தோலில் காஃபீன் பூசப்பட்டது. பூசப்படாத எலிகளோடு ஒப்பிடுகையில், புற்றல்லாத கட்டிகள் 44 விழுக்காடும், புற்றுக்கட்டிகள் 72 விழுக்காடும் குறைந்திருந்தன. கட்டிகளில் தன்மடிவு கூடியது. கட்டியற்ற தோற்பகுதிகளில் அவ்வாறு கூடவில்லை. 2007இல் மற்றோர் உண்மை வெளிப்பட்டது. காஃபீன் கலந்த நீரைப் பருகியதோடு சுழல்சக்கரத்தில் ஓடிப் பயிற்சியும் பெற்ற எலிகளில், பழுதுற்ற உயிரணுக்களின் தன்மடிவு, காஃபீன் மட்டுமோ பயிற்சி மட்டுமோ தந்த அளவைவிடப் பன்மடங்கு மிகுந்திருந்தது.

2011இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் நீமின் குழுவும் ரட்கர்ஸ் அறிஞர்களும் இணைந்து, காஃபீனைப் பயன்படுத்தாமல், தோலில் ஏ.டி.ஆர். செயல் குன்றிய எலிகளை மரபணு மாற்றத்தால் உருவாக்கினர். புற ஊதாக் கதிரைத் தொடர்ந்து பாய்ச்சியபோது, இயல்பான எலிகளைவிட இவற்றில் கட்டிகள் மூன்று வாரம் தாமதமாகத் தோன்றின. 19ஆவது வாரத்தில் எண்ணிக்கை 69 விழுக்காடு குறைவாக இருந்தது. காஃபீன் எவ்வழியில் செயற்படுகிறது என்ற கருத்துக்கு இது வலுவூட்டியது. ஆனால், இதே ஆய்வு கற்பித்த இன்னொரு பாடத்தையும் மறத்தலாகாது. கதிர்வீச்சு நெடுங்காலம் ஓயாது தொடர்ந்தபோது, இவ்வெலிகளுக்கும் கட்டிகள் உண்டாயின. தீங்கு நிற்காத வரை, காப்பும் ஓர் எல்லைக்குமேல் உதவுவதில்லை.

மக்களிடம் கண்டவை

எலியின் தோல் மனிதத் தோலன்று. எனவே, காப்பி அருந்தும் மக்களிடையே தோல் புற்றுநோய் குறைவாக உள்ளதா என்று ஆராய்ந்தனர். அமெரிக்கச் செவிலியரையும் பிற மருத்துவத்துறை ஆடவரையும் 20 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்த இரு பெரும் ஆய்வுகளின் தரவுகள் 2012இல் தொகுத்து வெளியிடப்பட்டன. மொத்தம் 1,12,897 பேர். மேல்தோலின் அடியடுக்கு உயிரணுக்களில் தோன்றும் புற்றுநோய் இவர்களுள் 22,786 பேருக்கு ஏற்பட்டது. காஃபீன் மிகுதியாக உட்கொண்ட பெண்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கும், ஆண்களுக்கு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கும் குறைந்திருந்தது. காஃபீன் நீக்கிய காப்பியில் இத்தொடர்பு தென்படவில்லை. மற்ற இரு முதன்மைத் தோல் புற்றுநோய் வகைகளிலும் இவ்வாய்வில் தொடர்பு காணப்படவில்லை.

2015இல் வெளியான மற்றோர் ஆய்வு 4,47,357 அமெரிக்க வெள்ளையரைப் பற்றியது. நாளொன்றுக்கு நான்கு குவளையோ அதற்கு மேலோ காப்பி அருந்தியவர்களிடம், மெலனோமா என்னும் கொடிய தோல் புற்றுநோய் ஊடுருவிப் பரவும் நிலையை எட்டும் வாய்ப்பு, காப்பி அருந்தாதோரைக் காட்டிலும் 20 விழுக்காடு குறைவாக இருந்தது.

இவ்வெண்கள் கவர்ச்சியானவை. ஆயினும், இவை தொடர்பைக் காட்டுகின்றனவேயன்றிக் காரணத்தை நிறுவுவன அல்ல. நாளெல்லாம் அலுவலகத்தில் அமர்ந்திருப்பவர் காப்பி மிகுதியாக அருந்தக்கூடும். அவர்மீது வெயில் படுவதும் குறைவாக இருக்கக்கூடும். இத்தகைய வேறுபாடுகளைக் கணக்கிட்டுக் கழிக்க ஆய்வாளர் முயன்றாலும் முழுமையாகக் கழித்துவிட இயலாது. மேலும், ஆராயப்பட்டவர்கள் பெரும்பாலும் வெண்ணிறத் தோலினர். அவர்களுக்குப் பொருந்தும் விகிதம் மெலனின் மிகுந்த நமக்கும் அப்படியே பொருந்தும் என்று கொள்ள இடமில்லை.

குவளையிலா, குப்பியிலா?

தோலை எளிதில் ஊடுருவும் இயல்பு காஃபீனுக்கு உண்டு. அதனால்தான் களிம்புகளில் சேர்க்க அது ஏற்றதாகக் கருதப்படுகிறது. ஆனால், எலிகளின் தோலில் காஃபீன் பூசிக் கண்ட பயனை மனிதரிடம் உறுதிசெய்த பெரிய மருத்துவச் சோதனை இதுவரை இல்லை. கண்ணோர வீக்கம் சிறிது நேரம் தணிவது போன்ற சிறு பயன்கள் ஒருபுறமிருக்க, பல்லாண்டு வெயிலின் பழுதை ஒரு குப்பி மாற்றியமைக்கும் என்ற உறுதிமொழிக்குச் சான்று போதாது.

முகப்பூச்சுகளும் சன்ஸ்கிரீன்களும் நம் நாட்டுச் சட்டப்படி அழகுசாதனப் பொருள்கள், மருந்துகள் அல்ல. நோயைக் குணப்படுத்தும் என்று நிறுவிய பின்னரே அவை விற்பனைக்கு வருகின்றன என எண்ணுதல் தவறு. வாங்குவோர் உறையில் உள்ள சேர்மானப் பட்டியலைப் பார்த்தல் நலம். ஒரு விழுக்காட்டுக்கு மேற்பட்ட பொருள்கள் அளவின் இறங்குவரிசையில் எழுதப்படும். முகப்பில் பெரிய எழுத்தில் காஃபீன் என்றிருந்தும், பட்டியலின் கடைசி வரியில் அது இடம்பெற்றிருந்தால், அதன் அளவு எத்தகையது என்று ஊகித்துக்கொள்ளலாம்.

வீட்டில் காப்பித்தூளை முகத்தில் தேய்க்கும் வழக்கமும் பரவியுள்ளது. ஆய்வகத்தில் பூசப்பட்டது கரைசலாக்கிய தூய காஃபீன், சொரசொரப்பான தூளன்று. வெயிலில் எரிந்து சிவந்த தோலில் தூளைத் தேய்த்தால் புண்ணும் எரிச்சலும் மிகும். அந்நிலையில் குளிர்ந்த நீரில் நனைத்த துணியே நல்ல முதலுதவி.

அப்படியாயின், காப்பியைக் கூடுதலாக அருந்தலாமா? தோலின் பொருட்டு அவ்வாறு செய்யத் தேவையில்லை. காஃபீன் உட்கொள்ளல் நாளொன்றுக்கு 300 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. அந்நெறிகளின்படி, 150 மில்லிலிட்டர் வடிகட்டிய காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம் வரையும், உடனடிக் காப்பியில் 50 முதல் 65 வரையும், தேநீரில் 30 முதல் 65 வரையும் காஃபீன் இருக்கும். சிக்கரி கலந்த தூளாயின் அளவு குறையும். ஏனெனில், சிக்கரியில் காஃபீன் இல்லை. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் இப்பானங்களைத் தவிர்க்குமாறும் அந்நெறிகள் அறிவுறுத்துகின்றன. இவற்றிலுள்ள டானின், உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைத் தடுக்கும். இரத்தசோகை பரவலாக உள்ள நம் நாட்டில் இது கருதத்தக்க அறிவுரை. கருவுற்ற பெண்கள் காஃபீனை மேலும் குறைத்தல் வேண்டும். உறக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு உள்ளோர் மருத்துவரைக் கலந்துகொள்ளுதல் நன்று.

மனிதரிடம் நிறுவப்பட்ட காப்பு

காஃபீனுக்குக் கிட்டாத சான்று சன்ஸ்கிரீனுக்குக் கிட்டியுள்ளது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் நம்பூர் என்னும் ஊர் உண்டு. 1992இல் அவ்வூரைச் சேர்ந்த 1,621 பேர் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். ஒரு சாரார் நாள்தோறும் சன்ஸ்கிரீன் பூசிக்கொள்ள வேண்டும். மறுசாரார் தம் விருப்பப்படி நடக்கலாம். நாலரை ஆண்டுகளில், நாள்தோறும் பூசியவர்களிடம் செதிள் உயிரணுப் புற்றுநோய்க் கட்டிகள் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தன. அவர்களுள் 55 வயதுக்குட்பட்டோரின் கையில் தோல் முதிர்ச்சி 24 விழுக்காடு குறைவாக இருந்தது. இதே சோதனையில் பீட்டா கரோட்டின் மாத்திரையும் கொடுத்துப் பார்க்கப்பட்டது. அதனால் பயனொன்றும் விளையவில்லை. நம்பிக்கையோடு உட்கொள்ளப்பட்ட சத்து மாத்திரை தோற்ற இடத்தில், எளிய பூச்சு வென்றது.

எஸ்.பி.எஃப். 30 என்று குறிக்கப்பட்ட சன்ஸ்கிரீன், போதிய அளவில் பூசினால், ‘பி’ வகைக் கதிர்களில் ஏறக்குறைய 97 விழுக்காட்டைத் தடுக்கும். ‘ஏ’ வகைக்கும் காப்பளிப்பதாக உறையில் குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். வெளியில் இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். ஏற்கெனவே தோன்றிய சுருக்கத்துக்கும் திட்டுகளுக்கும் மருத்துவர் பரிந்துரைக்கும் ட்ரெட்டினோயின் போன்ற மருந்துகள் உள்ளன. கருவுற்றோருக்கு அவை ஆகா என்பதால், தாமாக வாங்கிப் பூசுதல் கூடாது. ஆறாத புண், நிறமோ வடிவமோ மாறும் மச்சம், உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடி ஆகிய இடங்களில் புதிதாகத் தோன்றும் கருமை ஆகியவற்றைக் கண்டால் களிம்பைத் தேடாமல் தோல் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

செலவின் வரிசை

சேமிப்பில் முதலில் செய்ய வேண்டியது எது என்ற வரிசை இருப்பதைப் போலவே, தோலின் பாதுகாப்பிலும் ஒரு வரிசை உண்டு. முதலிடம் நிழலுக்கு; அதற்குச் செலவே இல்லை. புற ஊதாக் கதிரின் அளவு உச்சமடையும் முற்பகல் 10 மணி முதல் பிற்பகல் 4 மணி வரை, இயன்ற மட்டும் வெயிலைத் தவிர்க்கலாம். அடுத்து குடை, அகன்ற விளிம்புத் தொப்பி, முழுக்கைச் சட்டை. இவை ஒருமுறை வாங்கினால் பல கோடைக்கு உதவும். அதன் பின் சன்ஸ்கிரீன். காஃபீன் கலந்த களிம்பு இவையனைத்துக்கும் பின்னரே வரும். அதுவும் விரும்பினால் மட்டுமே. பயணம் மேற்கொள்வோர் ஒன்றை நினைவிற்கொள்க. ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிரின் வலிமை 10 முதல் 12 விழுக்காடு கூடும். லடாக்கிலும் இமாசலத்திலும் குளிர் உடலை ஏமாற்றினாலும், கதிர் தோலைச் சுடாமல் விடுவதில்லை.

நிழலைத் தேர்ந்துகொள்ளும் உரிமை எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. வயலில் நாற்று நடுவோர், கட்டடப் பணியாளர், போக்குவரத்துக் காவலர், வீடுதோறும் பொருள் கொண்டு சேர்க்கும் இளைஞர் ஆகியோருக்கு வெயில் தொழிலின் பகுதி. தொழில் நடத்தும் நம் வாடிக்கையாளர்கள், பணி நேரத்தைக் காலைக்கும் மாலைக்கும் மாற்றியமைத்தும், பணியிடத்தில் ஒரு பந்தல் போட்டுக்கொடுத்தும், தொப்பியும் குடிநீரும் வழங்கியும் அவர்களைக் காக்கலாம். எந்த விலையுயர்ந்த குப்பியும் தராத பயனை அச்சிறு செலவு தரும்.

காஃபீன் ஆராய்ச்சி ஓய்ந்துவிடவில்லை. பழுதுற்ற உயிரணுவை மட்டும் தேர்ந்து அகற்றும் ஒரு பூச்சு, முறையான சோதனைகளைக் கடந்து, நாளை மருந்தாகவே வரக்கூடும். அதுவரை காப்பியை அதன் சுவைக்காக அளவோடு அருந்துவோம். சிக்கமகளூரிலும் குடகிலும் நம் நாட்டுக் காப்பிச் செடிகள் பெரும்பாலும் உயர்ந்த மரங்களின் நிழலில்தான் வளர்கின்றன. காஃபீனைத் தன்னுள்ளேயே கொண்ட செடிக்கும் தேவைப்படும் நிழல், அதனை அருந்தும் நமக்கும் தேவையன்றோ!